டைகரும் உடன் வருபவரும்

நெடுவழி விருந்தகக் கழகம் அரசு அமைப்பா தனியார் அமைப்பா என்று அதில் வேலை செய்கிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. சாதாரணமாகக் கேட்டால் அரசு என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தனியார் என்பார்கள். அந்தக் கழகம் 2010-இல் 'நாயோடு வருக' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நெடுஞ்சாலையில் நாயோடு பயணம் செய்கிறவர்கள் கழகத்தின் விடுதிகளில் நாயோடு தங்கலாம். நாக்கைத் தொங்கவிட்ட ஒரு வெளிநாட்டு நாயின் படத்தைப் போட்டுத் திண்டிவனம் புறவழிச்சாலையில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, மே மாதம், அந்தப் பலகையை நம்பித் தேவநாதன் தன் ஆம்னி வேனைத் திருப்பினார்.

தேவநாதன் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சித்ரா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவர் அழவில்லை. சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. யாராவது உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தார். கோயம்புத்தூரில் இருந்த மகன் மணிமாறன், "இங்கேயே வந்துடுங்கப்பா" என்றான். சரி என்றார். "எங்க அபார்ட்மெண்ட்ல நாய்க்குப் பர்மிஷன் இல்ல, அதை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க" என்றான். அதற்கும் சரி என்றார். ஆனால் விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவர் யோசிக்கவும் இல்லை. கிளம்புகிற அன்று காலையில் வேனின் கதவைத் திறந்தபோது நாய் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் கதவைச் சாத்தினார்.

நாயின் பெயர் டைகர். பதினோரு வயது. சித்ரா குட்டியாக எடுத்து வந்து வளர்த்தது. அதற்கு இதயம் வீங்கியிருந்தது. காலை பதினொரு மணிக்கு ஒரு மாத்திரை, மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று தாம்பரத்து மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் முதல் நாள் திண்டிவனம், மறுநாள் விழுப்புரம், அதற்கடுத்த நாள் பெரம்பலூர் என்று கழகத்தின் விடுதிகளாகப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

திண்டிவனம் விடுதியின் மேலாளர் சீனுவாசன் நாயைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்கா பயத்துக்கா என்று சொல்ல முடியவில்லை. மேசைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஜாதி நாயா சார்?"

"நாட்டு நாய்."

"அப்ப ஜாதி நாய் இல்ல."

"இல்ல."

"இனச் சான்றிதழ் வெச்சிருக்கீங்களா?"

"நாய்க்கா?"

"பின்ன, உங்களுக்கா? உங்களுக்கு ஆதார் போதும் சார். நாய்க்குத்தான் இனம் வோணும். லேப்ரடார், அல்சேஷன், பொமரேனியன்னு பதினேழு இனம் போட்டுக்கீது. இதுல எதுலயும் உங்க நாய் வரல. 'இதரர்'ல போட்டுக்கினா ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா இதரருக்கு ரூம்பு பின்னாடிப் பக்கம்தான்."

பின்பக்கமே போதும் என்றார் தேவநாதன். சீனுவாசன் எழுதிக்கொண்டே வந்து பெயர்க் கட்டத்தில் நின்றார்.

"டைகரா?"

"ஆமாங்க."

"டைகர்னா புலி சார்."

"பேரு மட்டும்தான்."

"எனக்குத் தெரியுது. ஆடிட்டுக்குத் தெரியுமா? மேல இருக்கறவங்க ரிஜிஸ்டரைத்தான் பாப்பாங்க, நாயைப் பாக்க மாட்டாங்க. ரூம் நம்பர் நாலு, டைகர், ஒண்ணுன்னு எய்தியிருந்தா நான் இன்னா பதில் சொல்றது? எங்க நேசம் நாய்க்கு மட்டும்தான் சார். வனவிலங்குக்கு இல்ல."

இதற்கு முன் இப்படி வந்ததில்லையா என்று தேவநாதன் கேட்டார். இதற்கு முன் நாயே வந்ததில்லை என்றார் சீனுவாசன். ஆனால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. எதிர்ப்பக்க டீக்கடையில் நடராசன் என்று ஓய்வு பெற்ற வனக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் புலி இல்லை என்று எழுதி வாங்கி வந்தால் போதும்.

தேவநாதன் நாயோடு சாலையைக் கடந்து போனார். நடராசன் டீயை வைத்துவிட்டு, நாயைச் சுற்றி ஒரு முறை வந்தார். வாலைப் பார்த்தார்.

"ஒருவாட்டி குலைக்கச் சொல்லுங்க. குலைச்சா நாய்தான்னு தைரியமா எய்திடுவேன்."

"இப்ப அது குலைக்கிறதில்லைங்க."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு மாசமா."

நடராசன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'மேற்படி பிராணியை நேரில் பார்வையிட்டேன். புலி என்று சொல்வதற்கான முகாந்திரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது நான்காம் அறை தயாராக இருந்தது. மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், குளிர்சாதனம். சுவரில் அதே வெளிநாட்டு நாயின் படம். டைகர் உள்ளே போய் மெத்தையை முகர்ந்துவிட்டுத் தரையில் படுத்தது. தேவநாதன் பையை உள்ளே வைக்கப் போனபோது சீனுவாசன் தடுத்தார்.

"உங்களுக்கு மெயின் பில்டிங் சார். இது நாய் ப்ளாக்கு. இங்க மனுஷங்க தங்கக் கூடாது. அங்க நாய் தங்கக் கூடாது."

"நாயோடு வருகன்னு போட்டிருக்கே."

"வருகன்னுதான போட்டுக்கீது. தங்குகன்னு போடலியே."

ராத்திரி மூச்சு வாங்கினால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தேவநாதன் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். சீனுவாசன் நல்ல மனிதர்தான். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். விருந்தினர் என்ற கட்டத்தில் டைகரின் பெயரை எழுதி, 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் தேவநாதனை எழுதினார். உடன் வருபவர் விருந்தினரின் உதவிக்காக அறையில் இருக்கலாம். மெத்தையை உபயோகிக்கக் கூடாது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். அட்டையில் 'உதவியாளர்' என்று அச்சிட்டிருந்தது. தேவநாதன் மாட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் அதே மாதிரி ஓர் அட்டை கழுத்தில் தொங்கியிருந்ததால் அவருக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

சாயங்காலம் டைகருக்கு வாழை இலையில் பூசணிக்காய்க் கூட்டு வந்தது. கழகத்தின் விடுதிகள் எல்லாம் சைவம். டைகர் இலையைப் பார்த்தது, பிறகு பரிமாறியவரைப் பார்த்தது, பிறகு தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. விருந்தினர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உதவியாளருக்குச் சாப்பாடு என்பதால் அன்று இருவரும் பிஸ்கட் தின்றார்கள்.

மறுநாள் காலையில்தான் உண்மையான சங்கடம். நாய் ஒன்றுக்குப் போவதற்கென்று வளாகத்தில் பச்சை வர்ணம் அடித்த ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். கம்பத்தைச் சுற்றி வேலி. வேலிக்குப் பூட்டு. சாவி விழுப்புரத்தில் உதவிப் பொறியாளரிடம் இருந்தது. வேறு இடத்தில் போக அனுமதி இல்லை. டைகருக்கு மாத்திரையால் அடிக்கடி வரும். வேலியோரமாக நின்று அது தேவநாதனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். திரும்பி வருவதற்குள் சீனுவாசன் ஒரு மெமோ தட்டச்சு செய்து வைத்திருந்தார். விருந்தினரை முன் அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே அழைத்துச் சென்றதற்கு உதவியாளர் விளக்கம் தர வேண்டும்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றார் சீனுவாசன். "நான் குடுக்கலன்னா எனக்குக் குடுப்பாங்க."

தேவநாதன் 'விருந்தினருக்கு அவசரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது மணிமாறன் போன் செய்தான்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"திண்டிவனம் தாண்டிட்டேன்."

"முந்தாநேத்து கிளம்பினீங்களா?"

"நேத்து."

"நேத்து கிளம்பி இன்னும் திண்டிவனமா? நாயை வெச்சுக்கினு வர்றீங்களா?"

தேவநாதன் டீ டம்ளரை மறு கைக்கு மாற்றினார்.

"அப்பா, அதுக்கு வயசாயிடுச்சி. வழியில நல்ல எடமாப் பாத்து எறக்கி விட்டுட்டு வாங்க. சாப்பாட்டுக் கடையாப் பாத்து விடுங்க. பொழச்சுக்கும்."

"சரி."

போனை வைத்துவிட்டுப் பார்த்தார். எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. புரோட்டாக் கல்லின் அருகில் இரண்டு நாய்கள் நன்றாகத் தின்று கொழுத்துப் படுத்திருந்தன. நல்ல இடம்தான். வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். டைகர் இறங்கவில்லை. அவரும் இறங்கு என்று சொல்லவில்லை. டீ ஆறியது. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

விழுப்புரத்தில் இருந்தது கழகத்தின் 'மாதிரி விடுதி'. அன்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். 'நாயோடு வருக' திட்டத்தின் மூன்றாம் ஆண்டு விழா. திடலில் பந்தல், நூறு நாற்காலி, மேடை. வேன் உள்ளே நுழைந்து டைகரின் தலை சன்னலில் தெரிந்ததும் உதவி மேலாளர் பார்த்திபன் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தார்.

"சார், நெஜ நாயா சார்?"

"ஆமாங்க."

"மொதல் நாய் சார். இந்த மூணு வருஷத்துல மொதல் நாய்."

வரவேற்பு மேசையில் விரித்து வைத்திருந்த பதிவேட்டைத் தேவநாதன் பார்த்தார். பக்கம் பக்கமாக நாய்கள் தங்கியிருந்தன. ஏப்ரல் நான்கு, ஜிம்மி, அல்சேஷன். ஏப்ரல் ஐந்து, ஜிம்மி, பொமரேனியன். ஏப்ரல் ஏழு, ஜிம்மி, ஜிம்மி, ஜிம்மி.

பார்த்திபன் பதிவேட்டை மூடினார். "எனக்குத் தெரிஞ்ச நாய்ப் பேரு அது ஒண்ணுதான் சார்."

டைகரைச் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார வைப்பது என்று ஐந்து நிமிடத்தில் முடிவானது. தேவநாதனை யாரும் கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிவப்பு வெல்வெட் நாற்காலியில் டைகரைத் தூக்கி வைத்தார்கள். மண்டல மேலாளர் ராஜாமணி பொன்னாடை போர்த்தினார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறையும் போர்த்தினார். உடன் வருபவருக்குக் கடைசி வரிசையில் இடம் தந்தார்கள். மணி பத்தரை. தகரப் பந்தலுக்குக் கீழே காற்று அசையவில்லை. மேடையில் இருந்த ஒரே மின்விசிறி ராஜாமணியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ராஜாமணி ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டினார்.

"பெரியோர்களே, நாய் அன்பர்களே. மூணு வருஷத்துக்கு முன்னால இந்த வளாகத்துல எத்தினி நாய் இருந்துச்சி தெரியுமா? நாப்பத்திரெண்டு. சமையல்கட்டுப் பின்னால படுத்துக்கினு இருக்கும். மீந்த சோத்தைத் தின்னுக்கினு இருக்கும். இன்னிக்கு ஒரு நாய் காட்டுங்க பாப்போம். கிடையாது. நாய் நேச விடுதின்னு அறிவிச்ச அன்னிக்கே அத்தனையும் லாரியில ஏத்தி அனுப்பிட்டோம். சுத்தம் இல்லாத எடத்துல நாயை எப்பிடிங்க நேசிக்க முடியும்?"

கை தட்டினார்கள்.

"சில பேரு கேக்கறாங்க. நாய் நேச விடுதின்றீங்களே, நாய் வருதான்னு. நான் திருப்பிக் கேக்கறேன். ஊருல ஆம்புலன்ஸ் நிக்கிது. அதுக்காக எல்லாரும் தினம் அடிபட்டுக்கினு இருக்கணுமா? வசதி இருக்கா இல்லையா, அதான் கேள்வி. நாய் வர்றதும் வராததும் நாயோட சொந்த விஷயம்."

பதினொன்றானது. தேவநாதன் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு பார்த்திபனிடம் போனார்.

"மாத்திரை குடுக்கற நேரம். கொஞ்சம் தண்ணியும் வேணும்."

"சார் பேசி முடிக்கட்டும் சார். நடுவுல மேடை ஏறினா கோவிச்சுக்குவார்."

"எப்ப முடிப்பார்?"

"போன வருஷம் ரெண்டேகால் மணி நேரம்."

"சரி," என்று தேவநாதன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"புகார்ப் பெட்டி வெச்சிருக்கோம்," என்றார் ராஜாமணி. "தரையிலேர்ந்து ஒன்றரை அடி ஒசரம். நாய்க்கு எட்டணும்ல? இந்த மூணு வருஷத்துல ஒரு நாய்கூடப் புகார் குடுக்கல. போன வருஷம் மட்டும் முன்னூத்திப் பன்னெண்டு நாய் தங்கியிருக்கு. ஒண்ணு கடிக்கல. ஒண்ணு குலைக்கல. ஒண்ணு அசிங்கம் பண்ணல. இன்னிக்கு இங்க உக்காந்திருக்காரே நம்ம டைகர், இவரைப் பாருங்க. எவ்ளோ அமைதி. எவ்ளோ திருப்தி. நம்ம விடுதிக்கு வந்த பிற்பாடு ஒரு நாய்க்கு இதுக்கு மேல இன்னா வோணும்?"

எல்லோரும் டைகரைப் பார்த்தார்கள். பொன்னாடைக்குள் அதன் விலா வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாகியிருந்தது. முன்னங்கால்கள் வழுக்க, தலை நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்தது.

"தூங்கவே ஆரம்பிச்சிட்டார்," என்றார் ராஜாமணி. கூட்டம் சிரித்தது.

தேவநாதன் எழுந்துவிட்டிருந்தார். எழ வேண்டும் என்று நினைத்தது அவருக்குப் பிற்பாடு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். பார்த்திபன் குறுக்கே கையை நீட்டினார், கை தானாக இறங்கியது. மேடையில் ஏறிப் பொன்னாடையை உருவிக் கீழே போட்டுவிட்டு டைகரை இரண்டு கையாலும் தூக்கினார். இருபத்திரண்டு கிலோ.

"உடன் வருபவர் உணர்ச்சிவசப்படறார்," என்று ராஜாமணி ஒலிபெருக்கியில் சொன்னார். "இதுவும் நம்ம திட்டத்துக்குக் கெடச்ச வெற்றிதான்."

வாசலில் காவலாளி மண்ணாங்கட்டி கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றார்.

"ஸ்லிப்பு குடுங்க சார்."

"இன்னா ஸ்லிப்பு?"

"கெஸ்ட்டுன்னா செக் அவுட் ஸ்லிப்பு. பொருளுன்னா கேட் பாஸ். நடந்து போனா கெஸ்ட்டு, தூக்கிக்கினு போனா பொருளு. நீங்க தூக்கிக்கினு வர்றீங்க. கீழ விட்டு நடத்திக் கூட்டிக்கினு வாங்க, ஸ்லிப்போட வுட்டுடறேன்."

"நடக்க முடியாதுங்க அதால."

"அப்ப பொருளுதான். பொருளை வெளிய எடுக்கணும்னா ஸ்டோர்ல கையெய்த்து வோணும். ஸ்டோர் கீப்பர் மேடையில கீறாரு."

தேவநாதன் அப்படியே நின்றார். கையில் இருந்த உடம்பு சூடாக இருந்தது. நெஞ்சுக்குள் அடிப்பது அவருடைய முழங்கையில் தெரிந்தது. அதன் தாளம் தப்பித் தப்பி வந்தது. "கேட்டைத் தொற," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. மண்ணாங்கட்டி பாவமாக மேடைப் பக்கம் பார்த்தார்.

"சார், இப்பிடி வாங்க," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

துப்புரவு வேலை செய்கிற அஞ்சம்மாள். ஐம்பது வயதிருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பை போகிற வழி. அதற்கு ஸ்லிப் கிடையாது. வெளியே வேப்பமர நிழலில் தன் தூக்குவாளியிலிருந்து தண்ணீரை எடுத்து டைகரின் வாயோரம் விட்டாள். மாத்திரையை அவரிடமிருந்து வாங்கி அதன் நாக்குக்குப் பின்னால் வைத்துத் தொண்டையைத் தடவினாள். டைகர் விழுங்கியது.

"நாயி வளத்திருக்கியாம்மா?"

"அந்த நாப்பத்திரெண்டுக்கும் நான்தான் சோறு போட்டுக்கினு இருந்தேன்," என்றாள். "எய்ந்திருங்க. மாட்டாஸ்பத்திரி கிட்டதான். நான் வழி காட்டறேன்."

கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டு நெடுநேரம் காதில் குழாயை வைத்துக் கேட்டார். நாட்டு நாயாக இருந்ததால் தாங்கியது என்றார். ஒரு மாதத்துக்கு வண்டியில் ஏற்றவே கூடாது, பக்கத்து ஊருக்கென்றால் மெதுவாகக் கொண்டு போகலாம், கோயம்புத்தூர் என்றால் வழியிலேயே போய்விடும் என்றார்.

தேவநாதன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டார்.

"மணி, நான் இப்ப வரல."

"ஏம்ப்பா? வண்டி ரிப்பேரா?"

"இல்ல. டைகருக்கு முடியல."

"ஒரு நாய்க்காகவாப்பா?"

"தெரியலடா," என்றார் தேவநாதன். அது உண்மைதான்.

வைத்த உடனே பார்த்திபன் கூப்பிட்டார். சிறந்த விருந்தினர் விருது டைகருக்கு அறிவிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். யாராவது வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் தேவநாதன் வரக் கூடாது, திண்டிவனம் மெமோ இங்கே வந்துவிட்டது, அவர் பெயர் விலக்கப்பட்ட உதவியாளர் பட்டியலில் இருக்கிறது.

"அப்ப யார் வாங்கறது?" என்று தேவநாதன் கேட்டார்.

"அதான் சார் கொழப்பமா இருக்கு. சார் என்னையே டைகர் சார்பா வாங்கிக்கச் சொல்றார்."

"வாங்கிக்கங்க."

கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டார். இனி எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாயோடு தங்க விடுதி கிடைக்குமா என்று அஞ்சம்மாளைக் கேட்டார். விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வளவனூர்ல எங்கூட்டுப் பக்கத்துல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. மல்லாட்டை மூட்டை போட்டு வெச்சிருந்தோம். இப்ப ஒண்ணும் இல்ல. ஃபேன் ஓடும், சத்தம் போடும். அவ்ளோதான்."

விடுதியில் நின்ற வேனைப் போய் எடுத்து வந்தார்; நாய் இல்லாத வண்டிக்கு மண்ணாங்கட்டி ஸ்லிப் கேட்கவில்லை. புதுச்சேரி சாலையில் முப்பதில் ஓட்டினார். பின்சீட்டில் அஞ்சம்மாள் டைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. லாரிகள் ஒலி எழுப்பி முந்திக்கொண்டு போயின. அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

அறை சின்னது. மண்வாசனையும் கடலைத் தோலின் வாசனையும் இன்னும் போகவில்லை. அஞ்சம்மாள் கோணிகளை உதறி மூலையில் விரித்தாள். டைகர் தடுமாறி நடந்து போய் அதில் படுத்தது. தேவநாதன் பையைத் திறந்து ஆதார், ஓய்வூதியப் புத்தகம், தடுப்பூசி அட்டை, புலி இல்லை என்று நடராசன் எழுதிக் கொடுத்த சான்று எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நாயைப் பார்த்தாள்.

"கடிக்குமா?"

"கடிக்காது."

"நீங்க?"

தேவநாதன் கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் இல்லம்மா," என்றார்.

"அப்ப சாமானை எறக்குங்க," என்றாள் அஞ்சம்மாள்.